விளக்கெண்ணெய் வாடையும் விடுபட்ட பெயர்களும்

முதுகலை மாணவிகளுக்கு வாய்மொழி வரலாறு நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு களப்பணி கொடுப்பது என் வழக்கம். எழுபது வயதைக் கடந்த ஒருவரை, அவர் செய்த வேலையைப் பற்றிப் பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டும். பேசியதைப் பேசியபடியே எழுதிக்கொண்டு வர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தன் தாத்தாவைப் பதிவு செய்து வந்தாள். அவர் ஓய்வுபெற்ற மோட்டார் சைக்கிள் மெக்கானிக். இளமையில் சோழவரம் பந்தயங்களுக்கு வண்டி தயார் செய்து கொடுத்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த அந்தப் பந்தயங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருந்தார்.

எழுத்துப்படி சுத்தமாக இருந்தது. ஆனால் நான்கைந்து இடங்களில் அடைப்புக்குறிக்குள் 'பின்னணிச் சத்தம்' என்று இருந்தது. என்ன சத்தம் என்று கேட்டேன். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள்.

"அது எழுபத்திரண்டாம் வருசம்..." என்கிறார் தாத்தா.

"எழுபத்திரண்டு இல்லீங்க. பெரியவன் வயித்துல இருந்தான். எழுபத்தொண்ணு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஆமா, எழுபத்தொண்ணுதான்" என்று தாத்தா திருத்திக்கொள்கிறார்.

எழுத்துப்படியில் எழுபத்தொன்று என்று இருந்தது. அந்த ஆண்டைச் சொன்ன குரல் இல்லை. "பாட்டி மேடம். அவங்க சும்மா இடையில பேசுனாங்க" என்றாள் மாணவி.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் என் முனைவர் பட்டக் களப்பணியில் அப்படித்தான் செய்தேன். கூத்துக் கலைஞர்களின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஆண்களின் முகத்துக்கு நேரே ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினேன். காபி கொண்டுவந்தவர்கள் சொன்னதை நான் குறித்துக்கொள்ளவே இல்லை.

அந்தப் 'பின்னணிச் சத்தம்' மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பந்தயம் ஓட்டி வயதானவர்களின் நினைவுகளை மற்ற இடங்களில் எப்படிச் சேகரிக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னைப் பிரிட்டனின் 'ஸ்பீட்வே' பந்தயத்திடம் கொண்டுபோய் விட்டது. ஒரு விளையாட்டின் நினைவை இவ்வளவு பாசத்தோடு காப்பாற்றும் கூட்டத்தை நான் அதிகம் கண்டதில்லை. அந்தப் பாசத்துக்குள்ளும் ஒரு 'பின்னணிச் சத்தம்' இருந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பிரேக் இல்லாத வண்டி

ஸ்பீட்வே நமக்கு அதிகம் தெரியாத விளையாட்டு. முட்டை வடிவ மண் ஓடுதளம். ஒரே நேரத்தில் நான்கு பேர். நான்கு சுற்று. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். 500 சி.சி. வண்டி, ஒரே ஒரு கியர், எரிபொருள் மெத்தனால். பிரேக் கிடையாது. எப்போதும் இடப்பக்கமாகவே திரும்ப வேண்டும். வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, கைப்பிடியை எதிர்த்திசையான வலப்பக்கம் திருப்பி, இரும்புத் தகடு கட்டிய இடக்காலைத் தரையில் தேய்த்தபடி வளைய வேண்டும். முதலிடத்துக்கு மூன்று புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை.

1923 டிசம்பர் 15 அன்று ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லண்ட் ஊரில், மின்விளக்கு வெளிச்சத்தில் ஜானி ஹாஸ்கின்ஸ் நடத்திய பந்தயத்தைத்தான் இதன் தொடக்கமாகப் பலரும் சொல்கிறார்கள். பிரிட்டனில் அதற்கு முன்பே ஓரிரு முயற்சிகள் நடந்திருந்தாலும், 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில், ஹை பீச் என்னும் இடத்தில், கிங்ஸ் ஓக் விடுதிக்குப் பின்புறம் நடந்த பந்தயம்தான் அலையைக் கிளப்பியது. சில ஆயிரம் பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் பல்லாயிரம் பேர் குவிந்தார்கள். அந்த ஆண்டிலேயே நாடு முழுவதும் ஓடுதளங்கள் முளைத்தன. முதலில் நிலக்கரிச் சாம்பல் கொட்டிய தரை. பின்னாளில் சிவந்த கல்பொடி. கிழக்கு லண்டனில் இருந்த வெஸ்ட் ஹாம் மைதானத்தில் 1933இல் நடந்த இங்கிலாந்து - ஆஸ்திரேலியப் போட்டிக்கு 80,000 பேருக்கு மேல் கூடினார்கள். 1936இல் வெம்பிளியில் முதல் உலகப் போட்டியின் இறுதிச்சுற்று நடந்தது. 1981இல் அதே வெம்பிளியில் கடைசி முறையாக நடந்த இறுதிச்சுற்றுக்கும் ஏறத்தாழ 90,000 பேர் வந்தார்கள்.

இன்று அந்த மைதானங்களில் பெரும்பாலானவை இல்லை. நிலத்தின் விலை ஏறியது. மைதானங்கள் வீடுகளாகவும் கடைகளாகவும் மாறின. வெஸ்ட் ஹாம் மைதானம் 1972இல் மூடப்பட்டது. மான்செஸ்டரின் பெல் வியூ ஹைட் ரோடு மைதானம் 1987இல் போனது. லண்டனின் விம்பிள்டன் மைதானத்தையும் பின்னாளில் இடித்துவிட்டார்கள். எனவே இந்த விளையாட்டின் வரலாறு கட்டடங்களில் தங்கவில்லை. மனிதர்களின் நினைவில்தான் இருக்கிறது.

நினைவைக் காப்பவர்கள்

பல்கலைக்கழகங்கள் இந்த விளையாட்டைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. தொழிலாளர் குடியிருப்புகளின் விளையாட்டு அது. புகை, சத்தம், புழுதி. கிரிக்கெட்டுக்குக் கிடைத்த மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை. வேலையைத் தலையில் போட்டுக்கொண்டவர்கள் ஓய்வுபெற்ற வீரர்களும் ரசிகர்களும்தான்.

பழைய வீரர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் விருந்தில் கூடுகிறார்கள். முன்பு 'வெட்டரன் ஸ்பீட்வே ரைடர்ஸ் அசோசியேஷன்' என்று அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆர்வலர்கள் 'தி ஸ்பீட்வே ரிசர்ச்சர்' என்ற சிறு இதழை நடத்தி, எந்த ஊரில் எந்த நாளில் எந்த ஓட்டத்தில் யார் எத்தனையாவதாக வந்தார் என்பதையெல்லாம் தேடித்தேடிச் சேர்த்தார்கள். 2007இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் பிராக்ஸ்போர்ன் ஊரில், ஒரு விலங்குப் பூங்காவின் வளாகத்துக்குள் தேசிய ஸ்பீட்வே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. விலங்குப் பூங்காவுக்குள் ஒரு விளையாட்டின் நினைவகம் என்று முதலில் சிரிப்பு வந்தது. யோசித்தால், இடம் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

இந்தச் சேகரிப்புக்கு அடிப்படையாக இருப்பது ஓர் எளிய பொருள்: நுழைவாயிலில் விற்கும் நிகழ்ச்சி நிரல் புத்தகம். அதில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வெற்றுக் கட்டங்கள் இருக்கும். பார்வையாளர்கள் மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் முடிவுகளை நிரப்புவார்கள். அந்தப் பென்சில் எழுத்துதான் இன்றைய ஆய்வாளருக்கு முதல் ஆவணம். செய்தித்தாள் வெளியிடாத முடிவுகள்கூட அதில் கிடைக்கும்.

யார் பிடித்த பென்சில் அது? போருக்கு முந்தைய ஸ்பீட்வேயை ஆராய்ந்த வரலாற்றாளர் ஜாக் வில்லியம்ஸ், பெண்கள் பெரும் எண்ணிக்கையில் பார்வையாளர்களாக வந்ததைக் கவனப்படுத்துகிறார். பந்தயங்கள் பெரும்பாலும் வேலை முடிந்த மாலைகளில், விளக்கொளியில் நடந்தன. குடும்பத்தோடு போகலாம். பெண்கள் குழுவாகவும் போனார்கள். அணி நிறத்தில் கழுத்துத் துணி பின்னினார்கள். ஆண்டுக்கொரு பட்டையாகச் சங்கிலி போலத் தொங்கும் அணிச் சின்னங்களைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். படங்களை வெட்டி ஆல்பத்தில் ஒட்டினார்கள். காப்பகங்களுக்கு வந்து சேரும் இத்தகைய ஆல்பங்கள், அதில் ஒட்டப்பட்டிருக்கும் வீரரின் பெயரால்தான் பெரும்பாலும் அறியப்படும். ஒட்டிய கை யாருடையது என்பது அட்டவணையில் ஏறுவது அபூர்வம்.

ஓட்டியவர்கள்

பார்வையாளர் வரிசையை விடுவோம். ஓடுதளத்துக்குள்ளேயே பெண்கள் இருந்தார்கள்.

1927இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் நடந்த சர்வதேச ஆறுநாள் மோட்டார் சைக்கிள் போட்டியில் மார்ஜரி காட்டில், லூயி மெக்லீன், ஈடித் ஃபோலி மூவரும் கொண்ட பிரிட்டிஷ் பெண்கள் அணி, வெள்ளிக் கோப்பையை வென்றது. அது மலையும் சேறும் கடந்து ஓட்டும் போட்டி. எனவே மறு ஆண்டு ஸ்பீட்வே வந்தபோது, 'பெண்களால் வண்டி ஓட்ட முடியுமா' என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே கிடைத்திருந்தது.

அயர்லாந்தின் பர் நகரில் 1904இல் பிறந்தவர் ஃபே டெய்லர். 1928இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் ஓடுதளத்தில், பெண்ணை எப்படி விடுவது என்று தயங்கியவர்களைக் கடந்து உள்ளே போனார். சில மாதங்களில் சம்பளம் வாங்கும் நட்சத்திரம் ஆனார். அடுத்த குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, பெர்த் நகரின் கிளேர்மான்ட் ஓடுதளத்தில் அங்கத்திய முன்னணி ஆண் வீரர்களோடு மோதி வென்றார். யார்க்ஷயரின் பெடேல் ஊரைச் சேர்ந்த ஈவா ஆஸ்க்வித் இன்னொரு நட்சத்திரம். ஸ்பெயின், டென்மார்க், தென்னாப்பிரிக்கா வரை போய் ஓட்டியவர். இருவரும் நேருக்கு நேர் மோதிய ஓட்டங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. இவர்களைத் தவிர வேறு சில பெண்களும் ஓட்டினார்கள்.

ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' என்ற இணையக் காப்பகத்தில் அந்தக் காலச் செய்தித்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. விடுமுறை நாட்களில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவற்றைப் படித்தேன். வண்டியை அவர் வளைத்த விதத்தைப் பாராட்டும் செய்திகளுக்கு நடுவே, அவர் தோற்றத்தையும் உடையையும் வியந்து எழுதும் வரிகள் வந்துகொண்டே இருந்தன. தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் விளையாட்டுப் பக்கத்தில் எனக்கு அது புதிதாக இல்லை.

1930இல் பிரிட்டனில் பெண்கள் ஸ்பீட்வே ஓட்டத் தடை வந்தது. வெம்பிளியில் ஒரு பெண் விழுந்து காயப்பட்டதைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அதே மூன்று ஆண்டுகளில் ஆண்கள் விழுந்தார்கள், எலும்பு முறிந்தார்கள், இறந்தும் போனார்கள். ஆண்கள் இனி ஓட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆண் விழுந்தால் அது விபத்து. பெண் விழுந்தால் அது சான்று.

இந்தத் தடை அன்றைய வாழ்க்கைத் தொழிலை முடித்தது என்பது எல்லாருக்கும் புரியும். அது நினைவையும் சேர்த்து முடித்தது என்பதே நான் சொல்ல வருவது. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விளங்கும். லீக் போட்டிகள் தொடங்கியது 1929இல். இங்கிலாந்து - ஆஸ்திரேலிய டெஸ்ட் வரிசை தொடங்கியது 1930இல். உலகப் போட்டி 1936இல். வரலாற்றை எழுதுகிறவர்கள் நம்பி நிற்கும் புள்ளிப் பட்டியல்கள் அனைத்தும் இவற்றிலிருந்து வருபவை. பெண்களின் ஓட்டங்களோ பெரும்பாலும் இருவர் மோதும் தனிச் சவால் ஓட்டங்கள். அவை காட்சிக்காக நடத்தப்பட்டவை. புள்ளிக் கணக்கில் சேராதவை. கணக்கு தொடங்கும் வாசலிலேயே கதவு சாத்தப்பட்டுவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. 'மூத்த வீரர்' என்ற சொல்லுக்குள் ஒரு கால அளவு இருக்கிறது. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓட்டியவர் மூத்தவர் ஆகிறார். அணித்தோழர்கள் இருக்கிறார்கள், ஐம்பது ஆண்டு கழித்து விருந்தில் "அன்று அந்த வளைவில் நீ என்னை இடித்தாயே" என்று சிரிக்க ஒருவராவது இருக்கிறார். நினைவு தனியாக உயிர் வாழ்வதில்லை. அதற்குத் துணை வேண்டும். மூன்றே பருவங்களில் வெளியேற்றப்பட்ட பெண்ணுக்கு அணியில்லை, விருந்தில்லை. ஃபே 1983இல் இறந்தார், ஈவா 1985இல். அருங்காட்சியகம் திறந்த 2007இல், அந்த மூன்று பருவங்களைப் பற்றிக் கேட்பதற்கு அந்த இரு நட்சத்திரங்களும் இல்லை.

நமக்குப் பிடிக்காத நினைவு

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் கட்டுரை சுகமாக முடியும். மறக்கப்பட்ட வீராங்கனை, மீட்டெடுத்த நாம் என்று முடித்துவிடலாம். ஆனால் ஃபே டெய்லரின் வாழ்க்கை அப்படி முடிக்க விடாது.

தடைக்குப் பிறகு அவர் கார் பந்தயத்துக்கு மாறினார். 1934இல் அயர்லாந்தின் லைன்ஸ்டர் கோப்பையை ஆட்லர் காரில் வென்றார். ஆனால் அந்தப் பத்தாண்டின் இறுதியில் அவர் பாசிசத்தின் ஆதரவாளர். ஆஸ்வால்ட் மோஸ்லியின் இயக்கத்தோடு தொடர்பு கொண்டவர். ஹிட்லரின் ஜெர்மனியைப் போற்றியவர். 1940இல் பிரிட்டன் அவரை 18பி பாதுகாப்பு விதியின் கீழ்ச் சிறைப்பிடித்தது. லண்டன் ஹாலோவே சிறையிலும், பின்பு மேன் தீவு முகாமிலும் இருந்து 1943இல் விடுதலையானார். போருக்குப் பிறகு அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போய்ச் சிறு ரகப் பந்தயக் கார்களை ஓட்டினார்.

இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குக் கோபம் வந்தது. வகுப்பில் அவர் படத்தைக் காட்டிவிட்டிருந்தேன். ஒரு மாணவி அதைத் தன் கைப்பேசித் திரையிலும் வைத்திருந்தாள். அடுத்த வகுப்பில் மீதிக் கதையையும் சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு படத்தை வைத்திருந்தவள் கேட்டாள்: "அப்ப அவங்கள விட்டுடலாமா மேடம்?"

விடக் கூடாது என்று நினைக்கிறேன். பெண்களின் வரலாற்றை எழுதுவது அம்மன் சிலை வடிப்பது போன்ற வேலை இல்லை. ஆண் வீரர்களில் குடிகாரரும் கொடுமைக்காரரும் உண்டு. அவர்கள் பெயர் பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது. தகுதியான பெண் மட்டுமே நினைவில் இருக்கலாம் என்றால், அது 1930இல் போட்ட தடையின் இன்னொரு வடிவம். அதேநேரம், ஓடுதளத்தில் அவர் அடைந்த சுதந்திரத்தைச் சொல்லிவிட்டு, மற்றவர்களின் உயிரையே பறித்த ஒரு கொள்கையை அவர் ஆதரித்ததைச் சொல்லாமல் விடுவது பொய். தன் விடுதலையைத் தேடிய ஒரு பெண் பிறர் விடுதலைக்கு எதிராக நின்றிருக்க முடியும். அதை மாணவிகள் இளம் வயதிலேயே அறிவது நல்லது.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்றும் உண்டு. பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.5 அவரைப் பற்றி வைத்திருந்த கோப்பு இன்று தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அவருடைய சுயசரிதை கைப்பிரதியாகவே தங்கிப்போனது. அவர் வாழ்க்கை வரலாற்று நூல்கள் வந்தது இந்த நூற்றாண்டில்தான்: பிரையன் பெல்ட்டன் 2006இலும், ஸ்டீஃபன் கல்லன் 2015இலும் எழுதினார்கள். விளையாட்டு அவரைப் பட்டியலில் சேர்க்கத் தயங்கியது. உளவாளிகள் தவறாமல் பதிவு செய்தார்கள். பெண்களைக் குறித்த ஆவணங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கின்றன. காவல் நிலையத்தில், நீதிமன்றத்தில், மருத்துவமனையில், யாரோ சந்தேகப்பட்ட இடத்தில்.

தெருப் பெயர்கள்

வெஸ்ட் ஹாம் மைதானம் இருந்த இடத்தில் கட்டிய குடியிருப்பின் தெருக்களுக்கு அந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். பந்தயத்தை நடத்திய ஜானி ஹாஸ்கின்ஸ் பெயரில் ஹாஸ்கின்ஸ் குளோஸ். ஆர்தர் அட்கின்சன் பெயரில் அட்கின்சன் ரோடு. டாமி கிரூம்ப்ஸ் பெயரில் கிரூம்ப்ஸ் ரோடு. 1951, 1952 ஆண்டுகளின் உலக சாம்பியன் ஜாக் யங் பெயரில் யங் ரோடு. அரசர்களும் தலைவர்களும் ஆக்கிரமித்திருக்கும் தெருப்பலகைகளில் தொழிலாளர் விளையாட்டின் பெயர்கள் ஏறியிருப்பது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தந்தது. நம் ஊரில் ஒரு மெக்கானிக்கின் பெயரில் தெரு இருக்கிறதா என்ன?

ஆனால் இந்தப் பெயர்களில் பெண் இல்லை. ஓட்டிய பெண்ணும் இல்லை; ஓட்டியவரோடு வாழ்ந்த பெண்ணும் இல்லை.

ஓட்டியவரோடு வாழ்வது என்றால் என்ன? செம்மண் சேறு படிந்த தோல் உடையைக் கழுவிக் காயவைப்பது. கிழிந்த இடத்தைத் தைப்பது. இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி ஒலித்தால் எந்த மருத்துவமனை என்று மட்டும் கேட்கப் பழகுவது. மூன்று முறை தனிநபர் உலக சாம்பியனான டென்மார்க்கின் எரிக் குண்டர்சன், 1989 செப்டம்பரில் பிராட்ஃபோர்டின் ஓட்சல் மைதானத்தில் முதல் வளைவிலேயே மோதி உயிருக்குப் போராடினார். பிழைத்தார், ஆனால் மீண்டும் பந்தயம் ஓட்டவில்லை. உலகம் அறிந்த வீரருக்கே அப்படி. காயப்பட்டவர்களுக்காக ஒரு நலநிதி இருக்கிறது. ரசிகர்கள் வாளி ஏந்திக் காசு திரட்டுகிறார்கள். நிதி மருத்துவச் செலவைப் பார்க்கும். படுக்கையில் கிடப்பவரை ஆண்டுக்கணக்கில் தூக்கி உட்காரவைப்பது எந்தப் பட்டியலிலும் வராது.

மூத்த வீரர்களை நேர்காணும்போது கேள்விகள் பெரும்பாலும் ஓடுதளத்துக்குள்ளேயே சுற்றுகின்றன. எந்த எஞ்சின் நன்றாக இருந்தது? 'ஜேப்' எஞ்சினா, செக் நாட்டு ஜாவாவா? மிகக் கடினமான எதிரி யார்? எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் வண்டி வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது, காயம் ஆறும்வரை வீட்டில் யார் சம்பாதித்தார்கள், அம்மா பந்தயம் பார்க்க வந்தாரா என்று கேட்டால், அதே வாயிலிருந்து வேறொரு வரலாறு வரும். பக்கத்து நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தால், நேர்காணல் அவரிடமும் தொடரும்.

மீண்டும் அந்த வீட்டுக்கு

மாணவியை மறுபடி அனுப்பினேன். இம்முறை பாட்டியை மட்டும் பதிவு செய்யச் சொன்னேன். "எனக்கு என்னம்மா தெரியும், தாத்தாகிட்ட கேளு" என்று இரண்டு நாள் மறுத்திருக்கிறார். மூன்றாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டே பேசத் தொடங்கியிருக்கிறார். ஒலிப்பதிவு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. இப்போது தாத்தாவின் குரல்தான் பின்னணியில் கேட்கிறது.

பாட்டி ஒரு முறைகூடச் சோழவரம் போனதில்லை. ஆனால் பந்தய வாரத்தில் வீட்டுக்கு எத்தனை பேர் சாப்பிட வருவார்கள், அரிசிக்கு எந்த நகையை அடகு வைத்தார், அது எப்போது திரும்பி வந்தது என்பதெல்லாம் ஆண்டு மாதத்தோடு அவருக்குத் தெரியும். பந்தயம் முடிந்து வரும் சட்டையில் விளக்கெண்ணெய் கருகிய வாடை இருக்குமாம். இரண்டு முறை சோப்புப் போட்டாலும் போகாதாம்.

அந்த வரியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பந்தய வண்டிகளின் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் கலந்த உயவு எண்ணெய் ஊற்றுவது உலகெங்கும் வழக்கம். ஸ்பீட்வேயைப் பற்றி நான் படித்த நினைவுக் குறிப்புகளில், முதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த வாசனையைத்தான். மைதானங்கள் இடிந்த பிறகும் அது மூக்கில் இருக்கிறது என்கிறார்கள். அவர்களுக்கு அது இளமையின் வாசனை. பாட்டிக்கு அது துவைக்க வேண்டிய சட்டையின் வாடை. இரண்டும் ஒரே எண்ணெய்தான். ஒன்றை மட்டும் எழுதினால் பந்தயத்தின் வரலாறு பாதியாகவே நிற்கும்.

நமக்கும் இதில் அவசரம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். அன்று நாற்பதில் இருந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். முதல் முறை விழுந்தபோது யார் சிரித்தார்கள், யாருடைய சைக்கிள் அது, அதன் பிறகு எங்கே போனார்கள் என்று அவர்களிடமே கேட்க இப்போது முடியும். இன்னும் இருபது ஆண்டு கழித்து முடியாது.

அந்த மாணவியின் இரண்டாவது எழுத்துப்படி எங்கள் துறை நூலகத்தில் முதலாவதோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. முதல் படியில் 'பின்னணிச் சத்தம்' என்று இருந்த ஒவ்வோர் இடத்திலும் அவள் நீல மையால் அடித்துவிட்டு, பக்க ஓரத்தில் பாட்டியின் பெயரை எழுதியிருக்கிறாள்.